மூத்த பிள்ளையின் மழலையும் வயிற்றில் அடுத்த பிள்ளையும்: அன்றாட மகிழ்ச்சிகளைப் பேசுவோம்

ஒத்தக்கடை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு இரண்டேகால் வயதாகிறது. எனக்கு இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது. செய்தியைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கப் போகிறாய்?" என்பதுதான். அக்கறையால் கேட்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், ஓடியாடித் திரிகிற ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு பிள்ளையை வயிற்றில் சுமக்கிற இந்த மாதங்களில் அன்றாடம் கிடைக்கிற மகிழ்ச்சியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நாமாகச் சொன்னாலும், பேச்சு சோர்வு, தூக்கம், செலவு என்று வேறு பக்கம் போய்விடுகிறது. அந்த மகிழ்ச்சியைப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தலைப்பிள்ளையைச் சுமந்தபோது, வரப்போவது எப்படிப்பட்ட ஒன்று என்று தெரியாமலே காத்திருந்தேன். இப்போது தெரிந்து காத்திருக்கிறேன். ஒரு பிள்ளை முதன்முதலில் நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது எப்படி இருக்கும், தூக்கத்தில் அதன் கை நம் கழுத்தைத் தேடுவது எப்படி இருக்கும் என்பதையெல்லாம் எனக்குக் காட்டிக்கொடுத்தவள் என் மகள். ஆகவே இந்தக் காத்திருப்பு முதல் காத்திருப்பைவிட இனிமையாக இருக்கிறது என்பதே என் எண்ணம். இங்கே மற்றவர்களும் அப்படி உணர்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் யானைமலை முழுதாகத் தெரியும். மாலையில் காய்ந்த துணிகளை எடுக்கப் போகும்போது மகளும் கூடவே வருவாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து நின்று, பிறகுதான் அடுத்த படிக்கு ஏறுவாள். மலையைப் பார்த்து, "யானை படுத்திருக்கு" என்று நாள்தோறும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வாள். சென்ற வாரம் மலையைப் பார்த்துவிட்டு, திரும்பி என் வயிற்றில் கையை வைத்து, "பாப்பாவும் படுத்திருக்கு, ரெண்டும் தூங்குது" என்றாள். கீழே இறங்கும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பைய வாம்மா, பைய வா" என்று அவளே என்னை அழைத்து வந்தாள். அவள் நடை பழகியபோது நான் அவளுக்குச் சொன்ன சொல் அது.

வயிறு பெரிதாகப் பெரிதாக மடியில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. அதற்கும் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். முன்புபோல நேராக உட்காராமல், ஒருக்களித்து என் இடத் தொடையில் அமர்ந்து, வயிற்றின்மீது தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். உள்ளே அசைவு தெரிந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிட்டு போயிருச்சு" என்கிறாள். சற்று நேரத்தில் "இங்கிட்டு வந்திருச்சு" என்கிறாள். உங்கள் வீட்டில் நடப்பவற்றையும் எழுதுங்கள்.

புதூர் தகப்பன்:

சகோதரிக்கு வணக்கம். நல்ல இழை. தந்தையரும் எழுதலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்கள் மகனுக்கு மூன்று வயது. என் மனைவிக்கு எட்டாம் மாதம்.

சித்திரைத் திருவிழாவின்போது அவர் நான்காம் மாதம். கூட்டத்திற்குள் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அழகரை வழியில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்ள, நான் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்றுமாவடிப் பக்கம் போனேன். அழகர் ஏன் மலையை விட்டு இவ்வளவு தூரம் வருகிறார் என்று அவன் கேட்டதற்கு, இரவு அவனுடைய அப்பத்தா கதை சொன்னார்கள். அழகர் மீனாட்சிக்கு அண்ணன், தங்கைக்குக் கல்யாணம் என்று சீர்வரிசையோடு புறப்பட்டு வருகிறார், வழியெல்லாம் மண்டகப்படியில் நின்று நின்று வந்ததில் நேரமாகிவிட்டது, ஆற்றில் இறங்கும்போதே கல்யாணம் முடிந்துவிட்டது என்று மதுரையில் எல்லா வீட்டிலும் சொல்கிற கதைதான். முடிவில், "நீயும் அண்ணன் ஆகப் போகிறாய்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள்.

அந்த ஒரு சொல் அவனுக்குள் எப்படி வேலை செய்தது என்பதை நாங்கள் பிறகுதான் கண்டோம். அழகர் ஆற்றில் இறங்கும்போது ஏறிவரும் தங்கக் குதிரையைப் பற்றி அவன் கேட்கவில்லை. அழகர் நேரம் தவறிப் போனார் என்பதுதான் அவன் மனத்தில் தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் அம்மாவிடம் போய், "பாப்பா வந்திருச்சா?" என்று கேட்பான். இல்லை என்றால் நிம்மதியாகப் பல் துலக்கப் போவான். மாதப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குப் புறப்படும் நாளில், நாங்கள் கோப்புகளையும் சீட்டையும் எடுத்து வைப்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். பெரும்பாலும் இடது வலது மாறியிருக்கும். "நான் லேட்டா வர மாட்டேன்" என்று அப்பத்தாவிடம் உறுதி சொல்லியிருக்கிறான். ஒரு மூன்று வயதுப் பிள்ளை இன்னும் முகம் காணாத ஒரு பிள்ளைக்காக இப்படித் தயாராக நிற்பதைப் பார்க்கும்போது, தகப்பன் என்ற முறையில் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனைவியால் குனிந்து அவனைக் குளிப்பாட்ட முடியாமல் போனதிலிருந்து அந்த வேலை என்னிடம் வந்தது. அதுவரை அவன் குளிக்கும்போது இவ்வளவு பேசுவான் என்பதே எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போகிறோம். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அது திறக்கப்பட்டதிலிருந்து இந்தப் பகுதியில் சிறு பிள்ளை உள்ள வீடுகளுக்கெல்லாம் பெரிய வசதி. அந்த நேரத்தில் அவன் அம்மா வீட்டில் உறங்கி ஓய்வெடுக்கிறார். திரும்பி வந்ததும், பார்த்த படங்களையெல்லாம் வயிற்றுக்கு அருகில் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பான்.

மேலூர் அம்மாச்சி:

பிள்ளைகளே, உங்கள் எழுத்தைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. என் மகள் இரண்டாம் பேறுகாலத்திற்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பேத்திக்கு இரண்டரை வயது. சென்ற ஆண்டு ஒருநாள் அவள் முற்றத்தில் குனிந்து தலையைத் தரையில் வைத்து, கால்களுக்கு இடையே எங்களைத் தலைகீழாகப் பார்த்தாள். "அடுத்தது வரப்போகிறது, அதைத்தான் பார்க்கிறாள்" என்று நான் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் அந்த வயதில் அப்படிப் பார்ப்பவைதாம். இருந்தாலும் நான் சொன்னது பலித்ததில் எனக்கு மகிழ்ச்சி.

பக்கத்து வீட்டில் பிறந்த பச்சைப் பிள்ளையை நான்தான் போய்க் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன். பேத்தி அருகில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் என் பழைய மரப்பாச்சியை எடுத்துக்கொண்டு சுவரோரமாக அமர்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, பாவாடையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, மரப்பாச்சியைக் கால்மேல் குப்புறப் போடுவாள். காலி டம்ளரைச் சாய்த்து முதுகில் நீர் ஊற்றுவாள். பிறகு மல்லாத்திப் போட்டு, கண்ணில் நீர் படாமல் நெற்றியில் ஒரு கையை அணைபோல வைத்துக்கொண்டு தலைக்கு ஊற்றுவாள். அந்தக் கையை அப்படி வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துக் கற்றுக்கொண்டாள். எல்லாம் முடிந்து துண்டில் சுற்றி, "அழுவாத, அழுவாத, முடிஞ்சிருச்சு" என்று தோளில் போட்டுத் தட்டுவாள். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருக்கிற நிறைவைத் தலைப்பிரசவத்தின்போது நான் பார்த்ததில்லை.

செல்லூர் தாய்:

வணக்கம். என் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். எனக்கு மூன்றாம் மாதம். அவன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். எங்கள் தெருவில் விடியற்காலையிலேயே தறிச் சத்தம் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தில் பாதி விழித்து, கண்ணைத் திறக்காமலே என்னைத் தேடி வந்து, ஒரு கையால் என் தாலிக் கொடியைப் பிடித்துக்கொண்டு குடிப்பான். அந்தக் கால் மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

வீட்டுப் பெரியவர்கள், "வயிற்றுப் பிள்ளைக்காரி பால் கொடுக்கக் கூடாது, உடனே நிறுத்து, இல்லையென்றால் பிள்ளை சவலையாகிவிடுவான்" என்கிறார்கள். மகிழ்ச்சியைப் பேசும் இழையில் இதைக் கேட்பது பொருந்துமா என்று தெரியவில்லை. ஆனாலும் என் மகிழ்ச்சி இதில்தான் இருக்கிறது என்பதால் கேட்கிறேன். நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

திருமங்கலம் செவிலியர் (ஓய்வு):

அன்புள்ள செல்லூர் மகளுக்கு, இந்தக் கேள்வி இந்த இழைக்கு நன்றாகவே பொருந்தும். நான் கிராமங்களில் பல ஆண்டுகள் தாய்சேய் நலப் பணியில் இருந்தவள். பொதுவாகச் சொன்னால், சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மூத்த பிள்ளைக்குப் பால் கொடுப்பதால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. முன்பு கரு கலைந்திருந்தாலோ, குறைமாதத்தில் பிரசவம் ஆகியிருந்தாலோ, இரத்தப்போக்கு இருந்தாலோ, இரட்டைக் கரு என்றாலோ நிலைமை வேறு. உங்கள் மருத்துவரிடம் நேரில் கேட்டு, அவர் சொல்வதையே செய்யுங்கள்.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். நான்காம், ஐந்தாம் மாத வாக்கில் பால் தானாகவே குறையும், சுவையும் மாறும். சில பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடுவார்கள். சிலர் பால் குறைந்தாலும் பழக்கத்திற்காகச் சற்று நேரம் வந்து போவார்கள். பிரசவம் நெருங்கும்போது சீம்பால் சுரக்கத் தொடங்கும். பிள்ளை பிறந்தபின் அது பச்சைப் பிள்ளைக்கே முதலில் சேர வேண்டும். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. ஆகவே உங்கள் மகன் குடிக்கிற வயதில்தான் இருக்கிறான்.

சவலை என்று பெரியவர்கள் அஞ்சுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாலை நிறுத்திய பிள்ளைக்கு அதற்கு ஈடாக வேறு சத்து கிடைக்காமல் போனதால் உடம்பு தேறாமல் போனது. தாயின் கவனமும் குறைந்ததால் ஏங்கியும் போனது. பருப்பு, முட்டை, கீரை, நெய் சேர்த்த சோறு, பழம் என்று நாள் முழுவதும் அவனுக்கு நன்றாகக் கொடுங்கள்; பால் குறைகிற நாள்களில் மடியில் அமர்த்திக்கொள்வதைக் குறைக்காதீர்கள். உங்கள் உடம்புக்கும் கூடுதல் உணவு வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒத்தக்கடை மகள் மடியைப் பற்றி எழுதியிருந்தார். பிள்ளையைத் தூக்குவதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை, மருத்துவர் குறிப்பாக வேண்டாம் என்று சொல்லாத வரையில். இடுப்பை வளைத்துக் குனியாமல், முழங்காலை மடக்கி அமர்ந்து, பிள்ளையை உடம்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அதைவிட நல்லது, நாம் திண்ணையிலோ கட்டிலிலோ உட்கார்ந்துகொண்டு பிள்ளையை ஏறி வரச் சொல்வது. அவர்களுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும். இன்னொரு செய்தி: இரண்டாம் கர்ப்பத்தில் பிள்ளையின் துடிப்பு முதல் முறையைவிடச் சில வாரங்கள் முன்பாகவே தெரியும், பலர் 16 வாரங்களிலேயே உணர்ந்துவிடுவார்கள். மூத்த பிள்ளையோடு அந்த அசைவைப் பகிர்ந்துகொள்ள உங்களுக்குக் கூடுதல் நாள்கள் கிடைக்கின்றன.

அவனியாபுரம் அம்மா:

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் துபாயில் இருக்கிறார். மகனுக்கு இரண்டரை வயது. எனக்கு ஏழாம் மாதம். மாமியாரும் மாமனாரும் உடன் இருக்கிறார்கள். சோர்வு இருக்கிறது என்பதை மறைக்காமல்தான் நான் எழுத வேண்டும், ஏனென்றால் என் மகிழ்ச்சி அந்தச் சோர்வுக்கு நடுவில்தான் வருகிறது. மாலையில் பேருந்தை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பும்போது, மாமனாரின் கையை உதறிவிட்டு மகன் ஓடி வருவான். முன்பெல்லாம் ஓடிவந்த வேகத்தில் மோதிக் கட்டிக்கொள்வான். இப்போது இரண்டடி தூரத்தில் தானாகவே நின்று, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு காலைக் கட்டிக்கொள்கிறான். அந்த இரண்டடி தூரத்தில் அவன் நிற்பதைப் பார்க்கும்போது பகல் முழுவதும் இருந்த கால் வலி எனக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருந்தது. நாளும் இரவு உணவுக்குப் பின் அதை நாங்கள் பங்கு போடுவோம். கொட்டையை நான் எடுத்துவிட்டுக் கொடுப்பேன். அவன் ஒன்றைத் தான் தின்று, ஒன்றை எனக்கு ஊட்டி, மூன்றாவதை என் தொப்புளுக்கு நேராக நீட்டி, "பாப்பா, ஆ காட்டு" என்பான். பாப்பா வாயைத் திறக்காததால் அதுவும் எனக்கே வந்து சேரும். காணொளி அழைப்பில் இதையெல்லாம் அவனுடைய அப்பாவுக்குக் காட்டுவேன். அவர் அங்கிருந்து வாயைத் திறந்து காட்ட, மகன் கைப்பேசித் திரையில் பேரீச்சம்பழத்தை வைத்து அழுத்துவான்.

முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டம் தருகிற 26 வார விடுப்பு எனக்கு இம்முறையும் கிடைக்கும். பிரசவத்திற்கு முன்பே 8 வாரம் வரை அதிலிருந்து எடுக்கலாம் என்றாலும், நான் ஒன்றிரண்டு வாரம் மட்டும் முன்னதாக எடுத்து, அந்த நாள்களை மகனுக்கென்றே வைக்க முடிவு செய்திருக்கிறேன். அவன் தனிப்பிள்ளையாக என்னோடு இருக்கப்போகும் கடைசி நாள்கள் அவை. அவனை எங்கும் அழைத்துப் போகத் திட்டமில்லை; மாலை வரை அவன் பின்னாலேயே நடந்து, அவன் காட்டுவதையெல்லாம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு இரவும் என் சத்து மாத்திரையை எனக்கு நினைவூட்டுகிறவனும் அவன்தான்; எலுமிச்சைச் சாற்றை டம்ளரில் ஏந்திக்கொண்டு மாமியாரோடு வந்து நிற்பான்.

திருமங்கலம் செவிலியர் (ஓய்வு):

அவனியாபுரம் மகளுக்கு ஒரு வேண்டுகோள். எலுமிச்சைச் சாற்றோடு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பது மிகவும் நல்லது. காப்பி, தேநீர் குடிக்கும் நேரத்தை ஒட்டி மட்டும் எடுக்க வேண்டாம். ஆனால், மாத்திரை அட்டை பிள்ளையின் கையில் ஒருபோதும் போகக் கூடாது. அம்மா செய்வதையெல்லாம் செய்து பார்க்கிற வயது. மாத்திரையும் மிட்டாய் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரைகள் சிலவற்றை விழுங்கினாலே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். அவன் டம்ளரை மட்டும் ஏந்தட்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எல்லாம் இதைக் கவனிக்க வேண்டும்.

வாடிப்பட்டி அம்மா:

எனக்கு ஐந்தாம் மாதம்; மகளுக்கு மூன்று வயது. எங்கள் வீட்டு மகிழ்ச்சிகளும் நீங்கள் எழுதியவை போன்றவையே. ஆனால் அவற்றின் நடுவே ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிற உறவினர்கள் எல்லோரும் மகளை அருகில் அழைத்து, "அம்மா வயிற்றில் இருப்பது தம்பியா, தங்கச்சியா, சொல்லு பார்ப்போம்" என்று கேட்கிறார்கள். சிறு பிள்ளை வாயில் வருவது பலிக்கும் என்ற நம்பிக்கை. "தங்கச்சி" என்று அவள் சொன்னால் முகம் சற்று வாடுகிறது. "இல்லை, நன்றாக யோசித்துச் சொல்லு" என்கிறார்கள். இரண்டு முறை அப்படி நடந்ததும் அவளே "தம்பி" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள், ஏனென்றால் அதைச் சொன்னால்தான் எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

எனக்கு இது பொறுக்கவில்லை. அவளும் ஒரு பெண் பிள்ளை. தன்னைப் போன்ற ஒன்று வருவதைச் சொன்னால் முகங்கள் வாடுகின்றன என்பதை மூன்று வயதில் அவள் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மருத்துவர் சொல்லக் கூடாத ஒன்றைப் பிள்ளையிடம் கேட்டு வாங்குவதையும் நாம் நிறுத்திக்கொள்ளலாம். "தம்பி வந்ததும் உன்னை யாரும் தூக்க மாட்டார்கள்" என்று விளையாட்டாகச் சொல்கிறவர்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட அன்று இரவு அவள் என்னை விட்டு இறங்கவே இல்லை.

புதூர் தகப்பன்:

வாடிப்பட்டி சகோதரி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் வீட்டில் "பாப்பா" என்று மட்டுமே சொல்கிறோம். மகன் தன்னை அண்ணன் என்று சொல்லிக்கொள்வதற்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. தம்பிக்கும் அண்ணன்தான், தங்கைக்கும் அண்ணன்தான்.

மேலூர் அம்மாச்சி:

வாடிப்பட்டிப் பிள்ளையின் வருத்தம் எனக்குப் புரிகிறது. முகம் வாடுகிறவர்கள் வீட்டுக்கு வராமலே இருக்கலாம். ஆனாலும், பிள்ளையிடம் கேட்பது எல்லாம் தவறு என்று நான் நினைக்கவில்லை. நாங்களும் கேட்கிறோம், பேத்தி ஒருநாள் தம்பி என்பாள், ஒருநாள் தங்கச்சி என்பாள், ஒருநாள் "ஆட்டுக்குட்டி" என்றாள். எதைச் சொன்னாலும் நாங்கள் அள்ளி முத்தம் கொடுக்கிறோம். பிள்ளையோடு பேசி விளையாட அது ஒரு வழி.

வாடிப்பட்டி அம்மா:

அம்மா, உங்கள் வீட்டைப் போல எதைச் சொன்னாலும் முத்தம் கிடைக்கும் என்றால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி இல்லாததால் கேள்வியையே நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் கணவரும், "அவளிடம் கேட்க வேண்டுமென்றால் பாப்பாவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேளுங்கள்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இப்போது அவள் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று வைத்த பெயர் "இட்லி".

சோழவந்தான் அக்கா:

நான் இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். என் மூத்தவனுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது; இளையவளுக்கு ஆறு மாதம். ஒத்தக்கடைத் தங்கை கேட்டிருந்தார், தெரிந்து காத்திருப்பது முதல் காத்திருப்பைவிட இனிமையா என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால், தெரிந்தது என்று நினைத்துக் காத்திருந்தேனே தவிர, வந்தவள் முற்றிலும் வேறொருத்தியாக இருந்தாள். மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இவளுக்கோ ஆட்டம் நின்றால்தான் தூக்கம் வருகிறது. அதுவே பெரிய மகிழ்ச்சியாகிவிட்டது.

தொட்டிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது மூத்தவனுடைய பொறுப்பாக இருந்தது. என் மாமியாரின் பழைய சுங்குடிச் சேலைகளில் ஒன்றைத்தான் எங்கள் வீட்டில் தொட்டிலுக்கு வைத்திருக்கிறோம். நெடுநாள் துவைத்து உடுத்திய பருத்தி என்பதால் அவ்வளவு மென்மையாக இருக்கும். மூத்தவன் படுத்த சேலையே அது. எட்டாம் மாதத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வெந்நீரில் துவைத்துக் கொடியில் போட்டபோது, சிவப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருந்ததைப் பார்த்து, "இது யாருடையது?" என்று கேட்டான். "உன்னுடையது. நீ பாப்பாவாக இருந்தபோது இதில்தான் தூங்கினாய்" என்றேன். அவன் அந்தச் சேலைக்கு அடியில் போய் நின்றுகொண்டு, துணி வழியாகத் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு அவனாகவே, "பாப்பாவுக்குக் கொடுக்கலாம். ஆனா என்னோடது" என்றான். நான் அப்படியே ஒப்புக்கொண்டேன். மூத்த பிள்ளையின் பொருளை எடுத்து இளையதற்குக் கொடுக்கும்போது அவர்களைக் கேட்டுக் கொடுங்கள் என்பதை எல்லோருக்கும் சொல்வேன். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

தொட்டில் கட்டிய அன்று, முதலில் தான் படுத்துப் பார்க்க வேண்டும் என்றான். விட்டத்துக் கொக்கியை என் கணவர் நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு அவனைப் படுக்க வைத்தார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் தாலாட்டுப் பாட, அவன் பொய்யாகக் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே கிடந்தான். பாட்டு முடிந்ததும் உண்மையாகவே தூங்கிவிட்டான்.

மருத்துவமனையில் முதன்முதலாக அவன் தங்கையைப் பார்க்க வரும்போது என் கை காலியாக இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவனை முதலில் கட்டிலில் ஏற்றி அணைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் தங்கையைக் காட்டினோம். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னக் கையா?" என்று தன் கையை அருகில் வைத்துப் பார்த்தான். அதுவரை எங்களுக்கு அவன் கைதான் உலகிலேயே சிறிய கை. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான் போலிருக்கிறது.

இன்னொன்று: அவன் பிறந்ததிலிருந்து என்னோடுதான் தூங்குவான் என்பதால், மருத்துவமனையில் நான் இருக்கும் இரவுகளுக்காக இரண்டு மாதம் முன்பிருந்தே அப்பாவோடு தூங்கப் பழக்கினோம். பிள்ளை பிறந்த பிறகு பழக்கினால், பாப்பா வந்ததால்தான் தன்னை விலக்கிவிட்டார்கள் என்று தோன்றும். இதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

ஒத்தக்கடை அம்மா:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாப் பதிவுகளையும் என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவனியாபுரம் சகோதரியின் மகன் இரண்டடி தூரத்தில் நிற்பதைப் படித்தபோது இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

சோழவந்தான் அக்கா சொன்னபடி இந்த வாரத்திலிருந்தே மகளை அவள் அப்பாவோடு தூங்க வைக்கத் தொடங்கிவிட்டோம். முதல் இரவு என் முந்தானையைக் கேட்டாள். என் சேலை ஒன்றை மடித்துக் கையில் கொடுத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அப்பாவிடம் அவளுக்குப் புதிதாக ஒரு கதையும் கிடைத்திருக்கிறது: யானைமலை யானை எழுந்து வைகையில் குளிக்கப் போகிற கதை. அது ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. இப்போது யானை மாட்டுத்தாவணியைத் தாண்டிவிட்டதாம். நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் இந்த மாதங்கள் கொண்டுவந்த மகிழ்ச்சிதான், அப்பாவும் மகளும் எனக்குத் தெரியாத ஒரு கதையைத் தமக்கென்று வைத்திருப்பது.

தொட்டில் சேலையையும் எடுத்து வைத்துவிட்டேன். எங்களுடையது சுங்குடி இல்லை. என் அம்மாவின் பழைய நூல்சேலை. மகளிடம் கேட்டுத்தான் துவைக்கப் போடுவேன். செல்லூர்த் தங்கை மருத்துவரைப் பார்த்தீர்களா? என்ன சொன்னார் என்று எழுதுங்கள். புதூர் அண்ணன் வீட்டுச் செய்திக்கும் காத்திருக்கிறோம்.

செல்லூர் தாய்:

பார்த்துவிட்டேன் அக்கா. எனக்கு முன்பு எந்தச் சிக்கலும் இல்லாததால் பால் கொடுப்பதைத் தொடரலாம், வயிற்றில் இழுத்துப் பிடிப்பதுபோல இருந்தாலோ இரத்தம் பட்டாலோ நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மாமியாரையும் உடன் அழைத்துப் போயிருந்தேன். அவர்கள் நேரிலேயே கேட்டுக்கொண்டதால் வீட்டில் பேச்சு முடிந்தது. திரும்பி வரும் வழியில் அவர்களே முட்டை வாங்கி வந்தார்கள். செவிலியர் அம்மா சொன்னபடி மகனுக்கு மதியம் பருப்பும் நெய்யும் பிசைந்து, அதன்மேல் ஒரு முட்டை வைத்துக் கொடுக்கிறோம். மஞ்சள் கருவை எனக்கு ஊட்டிவிட்டு வெள்ளையை அவன் தின்கிறான்.

புதூர் தகப்பன்:

எங்களுக்கு அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் நாள் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனைப் பையைக் கட்டி வைத்துவிட்டோம். மகன் தன்னுடைய செருப்பையும் அதற்குள் வைத்துவிட்டதால், காலையில் அதைத் தேடி எடுப்பதே எங்களுக்கு வேலையாக இருக்கிறது. பிறந்ததும் முதல் செய்தியை இங்கே எழுதுகிறேன்.